முதலில் எதைப் பார்த்தீர்கள்?

முன்வரிசையில் வீற்றிருக்கும் எங்கள் பத்திரிகையின் முதலாளி அவர்களே, பாடகர்களே, வாத்தியக் கலைஞர்களே, அச்சகத்துத் தோழர்களே, அதே வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன் நிற்கிறேன்.

நம்மை விட்டுப் பிரிந்தவரை வடிவமைப்புச் சக்கரவர்த்தி என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். எங்களுக்கு அவர் 'நடுப்பக்கம்' அண்ணன். நம் இசைப் பத்திரிகையைப் பிரித்தால் நடுவில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே படமாக விரியுமே, அது யார் கைவண்ணம்? அவருடையது! ஒரு புல்லாங்குழலை இந்தப் பக்கத்தில் தொடங்கி அந்தப் பக்கத்தில் முடித்தவர் யார்? அவர்தான்!

பக்கத்தை அவர் எடைபோட்ட விதம் தெரியுமா? மாதிரித் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, உள்ளே யார் வந்தாலும் பிடித்துக்கொள்வார். "சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. இப்போ டக்குனு திரும்புங்க. முதல்ல எதைப் பார்த்தீங்க?" அவ்வளவுதான் பரீட்சை! மின்விசிறியைப் பழுதுபார்க்க வந்தவரும் தப்பவில்லை. அந்த மனிதர், "எழுத்து எறும்பு மாதிரி மொய்க்குதுங்க" என்று சொல்லிவிட்டார். போயிற்று, பாடகியைப் பற்றிய என் கட்டுரையில் பாதி! நான் தாம்தூம் என்று குதித்தேன். "கோவிச்சுக்காதீங்க தம்பி. அந்தம்மா மூச்சு விட இடம் வேணாமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இனி எங்கே போய்த் தேடுவேன்?

அவரும் சறுக்கியதுண்டு. வயலின்காரர் ஒருவரின் முகத்தைச் சரியாக மடிப்பில் வைத்துவிட்டார். இதழைத் தைக்கும் கம்பி மூக்கிலேயே ஏறிவிட்டது! "அண்ணே, எனக்கு மூக்குத்தி குத்திட்டீங்களே!" என்று அவர் தொலைபேசியில் அலறினார். அன்றிலிருந்து எந்த முகமும் மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான். அளவுகோல் எல்லாம் கிடையாது, விரலை வைத்தே பார்ப்பார். அந்த வயலின்காரர் இதோ இங்கே இருக்கிறார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைக்கிறார்.

அடுத்த இதழின் நடுப்பக்கம் அண்ணனுக்கு அஞ்சலி. "படம் வலப்பக்கம் போதும். இடப்பக்கம் சோப்பு விளம்பரம். இனிமே மாசாமாசம் அப்படித்தான். பத்திரிகை நடக்கணும்ல?" என்றார் முதலாளி. அவர் கவலை அவருக்கு. அவர் சொன்னபடியே செய்து, உங்களுக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒட்டித் திரையிட்டிருக்கிறோம். திரையை விலக்குங்கள்! எல்லோரும் டக்கென்று திரும்புங்கள்!

முதலாளி அவர்களே, முதலில் எதைப் பார்த்தீர்கள்?

"சோப்பை" என்கிறார்.

அண்ணி, நீங்கள்?

"நானும் அதைத்தான் பார்த்தேன். அவர் எங்கன்னு தேட வேண்டியதாப் போச்சு."

சபையோரே, முதலாளி ஏதோ சொல்கிறார். சற்று அமைதி!

"எடுத்துடுங்கப்பா. மாசாமாசமும் வேணாம். விளம்பரத்தைப் பின்னாடி எங்கேயாவது போட்டுக்கலாம்."

நன்றி ஐயா, நன்றி! நடுப்பக்கம் அண்ணா, கேட்டீர்களா? உங்கள் இரண்டு பக்கமும் இனி ஒரே பக்கம்தான். ஒவ்வொரு மாதமும் ஒட்டுவோம், வருகிறவர்களையெல்லாம் திருப்பி நிறுத்திக் கேட்போம். இது உறுதி! உங்கள் முகம் மடிப்பிலிருந்து இரண்டு விரல் தள்ளியே இருக்கும். உங்களைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் பாதியை இன்று காலை நானே வெட்டிவிட்டேன். நீங்கள் மூச்சு விட இடம் வேண்டாமா, அண்ணா?