புட்டிச் சுவரில் ஒட்டிய ஈயம்

செஞ்சிக் கோட்டையின் நிழலில் முப்பத்தோராண்டு வேதியியல் விளைவித்த வித்தகர், மண்துகளின் மேனியில் நஞ்சு எங்ஙனம் ஒட்டும், எப்போது கழலும் என்று ஓயாது ஆய்ந்த ஆய்வரசி, இன்று பணி ஓய்வு பெறும் முனைவர் ஜெயராணி அம்மையார்க்கு எங்கள் வணக்கம்! முகத்துக்கு நேரே புகழ்ந்தால் பாதியில் எழுந்து போய்விடுகிற பிடிவாதக்காரர் அவர். அதனால் எதிரே உட்கார வைத்துக்கொண்டே, யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்கிறோம்.

அவர் பெற்ற பட்டங்களையும் பதக்கங்களையும் பலர் அறிவர். பலரும் அறியாதது ஒரு கண்ணாடிப் புட்டி. பதினோராண்டுக்கு முன், பழைய பேட்டரி உருக்கும் கொட்டகையை ஒட்டிய சிற்றூர் ஒன்றின் கிணற்று நீரைச் சோதித்து, ஈயம் இல்லை, குடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஈயத்தை நீரிலேயே நிறுத்திவைக்கும் அமிலம் அந்த வாரம் ஆய்வகத்தில் தீர்ந்திருந்தது. அமிலம் விடாத அந்த நீர், வெளியூர்க் கருவிக்காக இருபது நாள் காத்துக் கிடந்தது. அதற்குள் ஈயமெல்லாம் புட்டியின் உட்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. பரப்புகளையே படித்தவரைப் பரப்பே ஏமாற்றிவிட்டது.

ஏழு மாதம் கழித்து, மனம் கேளாமல் அந்தக் காலிப் புட்டியை அமிலத்தால் அலசிப் பார்த்தார். அத்தனையும் அதில் இருந்தது. எவரும் கேட்டிராத குற்றத்தைத் தாமே சுமந்துகொண்டு மறுநாள் முதல் பேருந்தில் போனார். அவ்வூர் விருத்தாம்பாள், ஈயம் மூளையில் ஏறி, படித்த எழுத்தெல்லாம் மறந்துகொண்டிருந்த ஏழு வயது மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கேட்டார்: "நீ குடுத்த சீட்ட நம்பித்தான டீச்சர் குடிச்சோம்?"

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான்."

கொட்டகை போயிற்று, கிணறு மூடப்பட்டது, குழாய் வந்தது. அன்று முதல் ஒரு செவ்வாயும் தவறாமல் அந்தக் குழாய்நீரை எடுத்துவந்து சோதிக்கிறார். புட்டியில் அமிலம் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகே விருத்தாம்பாள் குடம் நிரப்புகிறார். மகள் வளர்மதிக்கு இப்போது பதினெட்டு. பேருந்துப் பலகையை இன்னும் படிக்கத் தெரியாது.

சென்ற வாரம் துறை அறையில் அம்மையார் கேட்டார்: "நான் போனப்புறம் செவ்வாக்கெழம யாரு போறீங்க?"

எட்டுப் பேர் இருந்தோம். பாடவேளை, பேருந்து நேரம், தேர்வுத்தாள் என்று ஆளுக்கொரு காரணம் நெஞ்சில் இருந்தது, வாய்தான் திறக்கவில்லை. அவர் புட்டியைத் துடைத்துத் தம் பையிலேயே வைத்துக்கொண்டார். வெட்கமாக இருக்கிறது. இதை எழுதாமல் பொன்னாடை மட்டும் போர்த்தினால் இன்னும் வெட்கம்.

அம்மா, இனி நேராகவே சொல்கிறோம். முழங்கால் தளராமல், கண்ணொளி குன்றாமல் தாங்கள் நெடுநாள் வாழவேண்டும். எங்களில் ஒருவர் அந்தப் பையைக் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் செவ்வாய் வரையிலாவது.

இங்ஙனம்,
பதில் சொல்லாத எண்மர்,
வேதியியல் துறை, செஞ்சி.