பேசிய பிணம்

தாம்பரத்திலிருந்து படப்பை போகும் பஸ்ஸில், முன் சீட்டுக் காக்கிச் சட்டைக்காரர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "மச்சான், இன்னிக்கு நான் செத்துட்டேன்."

"இன்னாடா சொல்றே?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரில புது நர்சுங்களுக்கு டிரெய்னிங். பஸ் கவுந்த மாரி, ஆம்புலன்ஸ் டிரைவருங்க நாங்க கீழ படுத்துக்கினோம். எனக்குப் பொணம் வேஷம். பொணம்னா கையில கறுப்புப் பட்டை கட்டிட்டு நர்சு அடுத்த ஆளைப் பாக்கப் போவணும். என்னாண்ட வந்த பொண்ணு எந்தக் கலர் பட்டையைக் கட்டறதுன்னு தெரியாம முழிக்குது. பாவமா இருந்துச்சு. 'நான் செத்துட்டேம்மா, கறுப்பைக் கட்டு'ன்னு காதுல சொன்னேன்."

"கட்டிச்சா?"

"'செத்தவரு பேசுவாரா சார்?'னு செவப்பக் கட்டிடிச்சு. செவப்புன்னா மொதல்ல தூக்கணும். மொத ஆளா என்னைத் தூக்கினு போயிட்டாங்க."

"அய்யோ, அது பெயிலா?"

"அது பாஸு மச்சான். நான்தான் பெயிலு."