இரண்டாம் பக்கத்து மூச்சு

…அதத்தானே சொல்றேன், ஊசி கெடைக்கல லா! ஒக்காருங்க கனகராஜு, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க… அந்தத் துணிய அப்பால தள்ளிட்டு ஒக்காருங்க. துணியா அது? கோணி! ஆமா, கோணியிலதான் காச்சட்ட தைக்கிறேன். ஆயர் ஈத்தாம்ல கோட்டு தைக்கணும்னா கிரகோரி டைலர்னு பேரு எடுத்தவன், இன்னிக்கி அரிசி மூட்டைக்கு இடுப்பளவு எடுக்குறேன். ஜப்பான்காரன் வந்தான், நூலு போச்சு, பட்டன் போச்சு, கிராமபோன் ஊசியும் போச்சு. சண்ட போட வந்தவனுக்கு என் பாட்டுப்பொட்டி ஊசி எதுக்குங்கறேன்!

அமலோற்பவம்! கனகராஜு வந்திருக்காரு பாரு, காப்பி குடு! காப்பின்னா காப்பி இல்லீங்க, சோளத்தக் கருக வறுத்து வடிகட்டுறா. நாப்பது நாளா அதத்தான் குடிக்கிறேன், கோழி மாதிரி கொக்கரிக்காத கொற.

லோரி பன்னெண்டுக்குத்தானே? நெறைய நேரம் கெடக்கு. இங்கேர்ந்து குளுவாங் டேசன், அங்கேர்ந்து ரயிலு… மூணு மாசந்தானே சயாமு? ரயில் பாதை போடுற வேல, சோறு போடுவாங்க, மூணு மாசத்துல திருப்பி அனுப்பிடுவாங்கன்னு ஒங்க தோட்டத்துக் கணக்குக் கெராணியே சொன்னாரில்ல? அப்பறம் என்ன. மூஞ்சிய ஏன் அப்படி வெச்சிருக்கீங்க.

தெரியும், தெரியும். போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ ஒங்க பாட்டுத் தட்டக் கேட்டுட்டுப் போலாம்னு எட்டு மைலு நடந்து வந்திருக்கீங்க. தட்டு ஒங்களுது, பொட்டி என்னுது. கடவுள் எப்பிடிப் பிரிச்சு வெச்சிருக்காரு பாருங்க! எங்கயும் போகல, பத்திரமா அலமாரிக்குள்ள, எங்க கல்யாணப் பட்டுப் பொடவைக்குள்ள சுத்தி வெச்சிருக்கேன். போடுறேன் லா. காப்பி வரட்டும்.

ஊரு முழுக்க அந்தப் பாட்டு வந்த படத்து நடிகரு பின்னால சுத்துது. மெட்டு போட்டது யாருன்னு தட்டத் திருப்பிப் பாத்தது நாம ரெண்டு பேருதான். வேதாசலம் வாத்தியாரு! சின்ன எழுத்துல ஓரமா போட்டிருந்தான் படுபாவி. அவரு மெட்டு கட்டும்போது மூணு வெத்தல போடுவாரு. காப்பிக்கட வீரமுத்து அஞ்சுங்கறான். அஞ்சு வெத்தல வாயில இருந்தா ராகம் எங்கேர்ந்துய்யா வெளிய வரும்? கேக்க மாட்டேங்கறான். செருப்புப் போட்டுகிட்டு ஆர்மோனியத்தத் தொட மாட்டாரு. மருமக வளைகாப்புல வளையல் சத்தம் கேட்டுத்தான் அந்த ஊஞ்சப் பாட்டுக்குத் தாளம் புடிச்சாரு. இதெல்லாம் வீரமுத்துக்குத் தெரியுமா?

குளுவாங் கச்சேரி ஞாபகம் இருக்கா? நாலு வருசம் ஆயிடுச்சு. நீங்க அன்னிக்கி ரப்பர் பால் வாசனையோட என் பக்கத்துல வந்து ஒக்காந்தீங்க. நான் மூக்கப் பொத்திகிட்டேன்… அப்பத்தான் நாம பழக்கம். கொட்டாய்க்கு மேல தகரம், மழன்னா மழ, ஒண்ணும் கேக்கல. வாத்தியாரு ஆர்மோனியத்துலேர்ந்து கைய எடுத்துட்டு சும்மா ஒக்காந்துட்டாரு. கால் மணி நேரம்! வெள்ளக்கார தொர கூட எழுந்திருக்கல. மழ லேசா கொறைஞ்சதும் அந்தத் தகரத்துச் சொட்டு விழுற கணக்குக்கே பாட்ட எடுத்தாரு பாருங்க… அலமாக்! எனக்கு இப்பவும் சிலிர்க்குது, கையப் பாருங்க.

கடசி நாலு வரிய அவரே பாடுனாரு. ஒரே மூச்சு. நீங்க விரல மடக்கி மடக்கி எண்ணுனீங்க, இருவத்தேழு எண்ணம். எண்ணி முடிச்சு என்னப் பாத்தீங்க. ஒங்க கண்ணு கலங்கியிருந்துச்சு, எனக்கும்தான். அன்னிக்கிலேர்ந்து இவரு நம்ம ஆளுன்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கி வரைக்கும் ஒங்ககிட்ட சொன்னதில்ல.

சொன்னதெல்லாம் சண்டதான். இந்தத் தட்டு ரெண்டாம் பக்கத்துல அதே நாலு வரி வருதில்ல, அதப் பாடுனது நடிகரு இல்ல, அவருக்குக் காச்சலு, வாத்தியாரே பாடிட்டாருன்னு கண்டுபுடிச்சவன் நான். மாதா கோயில்ல பூச முடிஞ்சதும் பத்துப் பேரு என்னச் சுத்தி நிப்பான், அந்தக் கதைய சொல்லுங்க டைலரேன்னு. நீங்க ஒருத்தருதான் மூணு வருசமா, “இல்லீங்க, அது நடிகரு கொரலுங்க”ன்னு அதே மெல்லிசா… கத்திச் சொன்னாலாவது கோவப்படலாம்! இன்னிக்கும் அதுக்குத்தானே வந்தீங்க? கேட்டு முடிவு கட்டிட்டுப் போலாம்னு?

ஊசிய வீரமுத்து வாங்கிட்டுப் போயி தொலைச்சிட்டான். டப்பா முழுக்க! மூங்கில செதுக்கிப் போட்டேன், எலுமிச்ச முள்ளப் போட்டேன், பாட்டு ஏதோ மூக்கடைச்ச மாதிரி வருது. அவனால வந்தது எல்லாம். அவனக் கடைக்குள்ள விட்டதே தப்பு. அவன் மாமியாக்காரி ஒருத்தி இருக்கா, அவ கத தெரியுமா? உபிக் கெழங்கு மாவுல இட்லி சுட்டு… சரி விடுங்க, அது பெரிய கத.

இருங்க, பொட்டிக்கு சாவி குடுக்குறேன். செவுத்தப் பாத்துதான் நிக்கணும், கைப்பிடி அந்தப் பக்கம் மாட்டிகிச்சு. பேசிகிட்டே சுத்துறேன், கேக்குதில்ல?

தட்டு கொஞ்சம் கரகரன்னு இருக்கும். ஈரம். இந்த மழக்காலத்துல எல்லாத்துக்கும் பூசணம்… பொடவைக்குள்ள வெச்சும்… எலி கூட இருக்கலாம்…

ஈரம் இல்லீங்க.

வீரமுத்து டப்பாவ மறுநாளே திருப்பிக் குடுத்துட்டான். ஊசி தீந்தது என்னாலதான். தீந்தப்பறம் தையல் மிசின் ஊசிய அரத்தால ராவி மாட்டுனேன். ஒங்களுக்கு எதிரா கெட்டியா ஒரு சாச்சி வேணும், அதுக்குத்தான் போட்டேன். கதவச் சாத்திகிட்டு, காதப் பொட்டிக்குள்ள வுட்டுகிட்டு கேட்டேன். மூணாவது வரி முடியலங்க, அதுக்குள்ள பாடுறவன்… மூச்சு வாங்குறான். சின்னதா, திருட்டுத்தனமா. ஆனா வாங்குறான். வாத்தியாரு வாங்க மாட்டாரு. நீங்கதான் எண்ணுனீங்களே.

ஒடனே ஒங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும். மனுசனா இருந்தா சொல்லியிருப்பான். நான் என்ன பண்ணேன் தெரியுமா? அந்த எடத்துலயே ஊசியத் தூக்கித் தூக்கி வெச்சேன். அந்த மூச்சு தேஞ்சி போகட்டும்னு. ஒரு வாரம். பத்துப் பேரு முன்னால எப்பிடி முழிக்கிறதுன்னு, ஒங்க தட்ட… மூச்சு போச்சு. கூடவே பாட்டும் போச்சு. வெள்ளையா பூத்துக் கெடக்கு, பல்லு வெளக்குன சாம்பல் மாதிரி. முதல் பக்கத்தயும் விடல, அதுலயும் ஏதாச்சும் மூச்சு இருக்குமோன்னு.

நீங்க சொன்னதுதான் சரி கனகராஜு. நடிகருதான் பாடுனாரு. ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல நின்னு எல்லாருக்கும் சொல்லிடுறேன். ஒங்க பேரச் சொல்லியே சொல்றேன். திரும்பி ஒங்க மூஞ்சியப் பாத்து சொல்ல தெம்பு இல்ல, அதான் செவுத்தப் பாத்து… திட்டுங்க லா. ஒரு வார்த்த கெட்ட வார்த்த சொல்லிட்டாவது போங்க. இப்பிடி ஒண்ணுமே பேசாம இருந்தா…

கனகராஜு?

அமலோற்பவம்! இங்க ஒக்காந்திருந்தவரு எங்க?… லோரியா? பன்னெண்டு ஆயிடுச்சா? ஆரன் அடிச்சானா? எனக்குக் கேக்கலயே… ரெண்டு தடவயா?… எப்பப் போனாரு? நான் என்ன பேசிகிட்டு இருந்தேன் அப்ப?… இட்லியா? வீரமுத்து மாமியா இட்லியா? நல்லா யோசிச்சு சொல்லு, அதுக்கப்பறம் நான் சொன்னது ஒண்ணும் அவரு காதுல விழலயா?

ஒங்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?

…தட்ட பத்திரமா வெச்சிருக்கச் சொன்னாரா. வந்து கேட்டுக்கறேன்னாரா.