பாதியாச் சுண்டின தண்ணி

அட, தண்ணி பிடிக்கிற பாட்டில இன்னொரு தடவ அலசிட்டுத்தான் பிடிப்பீங்களா? சரி, உங்க வேல உங்களுக்கு. மருமகளப் பாக்குற டாக்டரம்மா தண்ணிய டெஸ்ட் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்தாங்க, அதான் கூப்பிட்டோம். இல்லேன்னா இந்தக் கிணத்துல என்னங்க இருக்கப்போவுது? கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க.

அதுவா? உரக் கிடங்கு. ஆறு வருஷமா இருக்கு. மழைக்கு மூட்டையெல்லாம் நனைஞ்சு ஒழுகும், ஆமா. கிணத்துக்கு இறங்கியிருக்குமா? இருந்துட்டுப் போவட்டும் தம்பி, நாங்க பச்சத் தண்ணி குடிக்கிறதில்ல.

மருமகளுக்கு நானேதான் காய்ச்சுவேன். முப்பது வருஷம் ஆலையில பாய்லர் ஓட்டுன ஆளுக்கு வீட்லயும் அடுப்ப விட மனசில்லன்னு எங்க வீட்டுக்காரி கேலி பண்ணுவா. முதக் கரு மூணாம் மாசமே தங்காமப் போச்சு, அந்தப் பயத்துல ஆரம்பிச்சது. ஒரு கொதியோட விடமாட்டேன். பாதியாச் சுண்டணும். ரெண்டாவது அஞ்சாம் மாசம் போச்சு. காய்ச்சுனது பத்தல போலன்னு இன்னும் சுண்ட வெச்சேன்.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? கிருமி செத்துரும்ல?

ஓ. கிருமிதான் சாகுமா. உர உப்பு சாகாதா. தண்ணி மட்டும் ஆவியாப் போயி, அது அப்படியே தங்கி...

போதும் தம்பி, இது எனக்குத் தெரியும். பாய்லர்ல கொதிக்கக் கொதிக்க உப்பு ஏறும். ஷிப்டுக்கு ஒருக்கா அடிவால்வத் திறந்து அந்தத் தண்ணிய வெளிய தள்ளணும், இல்லேன்னா குழாய் போயிரும். ஒரு நாள் மறந்ததில்ல நான். இரும்புக்குப் பாத்தவனுக்கு இது ஏன் தோணாமப் போச்சு?

அதனாலதான் கரு போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாமா? அப்போ நான் எதப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறது, சொல்லுங்க.

இப்பவா? ஏழாம் மாசம். உள்ள படுத்திருக்கா. நேத்து சாயந்தரத்துல இருந்து அசைவு கம்மியா இருக்கு மாமான்னா. நிறையத் தண்ணி குடிச்சுட்டு இடப்பக்கமாப் படுத்துக்கம்மா, தன்னால உதைக்கும்னேன். காலையில இருந்து நாலு டம்ளர் ஆச்சு, என் கையாலதான் குடுத்தேன்.

இன்னும் உதைக்கலன்னு சொன்னா. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முந்தி.