ரதிக்கு மொழிபெயர்த்தவன்

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். பதுளை டவுனில் பாத்திரக் கடையில் நின்று பழகியது. நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குச் சுகமில்லை என்றாலும் டாக்டரிடம் கூடப் போவது நான்தான். அதற்காக ஒரு பிளேன்டீகூட வாங்கிக் குடித்ததில்லை. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, நல்லதை எழுதினால் கை தேய்ந்துவிடாது.

மாசியில் எங்களுக்குக் காமன் கூத்து. சிவன் காமனை எரித்ததும் அவன் மனைவி ரதி அழுது பாட வேண்டும். ரதி வேஷம் கட்டுவது ஆண்தான். பல வருஷமாக அது நான். அடியில் தொடங்கி உச்சிக்கு ஏறும்போது, நெஞ்சுக்குரல் முடிந்து தலைக்குரல் தொடங்கும் இடத்தில் என் தொண்டை பட்டென்று உடையும். ரதியே இறங்கிவிட்டாள் என்று சனம் அழும். எனக்கு அந்த இடம் பாட வராது, அவ்வளவுதான். பக்தியாக அழுகிறவர்களிடம் போய் அதைச் சொல்வானேன்?

சஜீவனுக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிற இளந்தாரி. பஸ்ஸில் இறங்குமிடம் சொல்லும் அளவுக்குத்தான் சிங்களம். போனில் பாட்டுப் பயிற்சி பார்த்து, வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று கீழிருந்து மேலே இழுப்பான், திரும்ப இறக்குவான். லயத்து வீடுகளின் நாய்கள் முதலில் பதிலுக்கு ஊளையிட்டன, பிறகு பழகிவிட்டன. எனக்கே பாடம் வேறு.

"மாமா, மேல போறப்ப நெஞ்சப் போட்டு அமுக்காதீங்க. கொஞ்சங் கொஞ்சமா லேசாக்குங்க. மாறுனதே தெரியாது."

கூத்து வாத்தியார் ரெங்கசாமி ஒருநாள் அவனைப் பாடச் சொன்னார். குரல் எங்கே மாறியது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. இந்த வருஷம் ரதிக்கு இவனுக்கே காப்புக் கட்டுவோம் என்றார் வாத்தியார். முதலில் கைதட்டியது நான்.

அப்புறம் அவனுக்குத் தொண்டை கட்டியது. கூட்டிப்போக நானில்லாமல் வேறு யார்? டவுனில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் இரத்தம் கசிகிறது, ஒரு மாதம் பேசவே கூடாது, பாடினால் குரல் திரும்பாது என்றார். சிங்களத்தில், மிகத் தெளிவாக.

"என்ன மாமா சொல்றாரு?"

"ஒண்ணுமில்லடா. தொண்ட இறுகிப் போச்சாம். நெஞ்சக் குடுத்து நல்லா சத்தமா பாடணுமாம். வலிச்சாலும் நிப்பாட்டக் கூடாதாம்."

சஜீவன் டாக்டரைக் கும்பிட்டான். புரிந்ததா என்று டாக்டர் கேட்டார். நன்றாகப் புரிந்தது என்று நானே பதில் சொன்னேன்.

சொல் தட்டாத பிள்ளை. தேயிலைச் சரிவில் நின்று கத்திக் கத்திப் பாடினான். எச்சிலில் இரத்தம் வந்ததும் அவன் அம்மா கனகம் பதறி ஓடிவந்தார். "கெட்ட ரத்தம்தான் போகுதுக்கா, டாக்டரு அப்பவே சொன்னாரு," என்று தேற்றினேன். காப்புக் கட்டும் நாளில் அவன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

கூத்து நின்றால் தெய்வக் குத்தம். நானே ரதி கட்டினேன். உச்சியில் குரல் உடைந்தது. "சஜீவன நெனச்சு அழுவுறாரு, பாவம்," என்று பெண்கள் கதறினார்கள். அவனும் முன்னால் நின்று என்னைப் பார்த்துக் கண்ணீர் விட்டான்.

பிறகு கனகம் நானில்லாமல் அவனை அதே டாக்டரிடம் கூட்டிப்போக, அங்கே ரிஸ்கா என்ற புது நர்ஸ் தமிழ் பேசித் தொலைத்தார். நீங்களும் தமிழ் பேசுகிறீர்கள், நல்லது. இந்த மாதிரி விஷயங்களில் நடுவில் ஒரு ஆளை நம்பக் கூடாது.

மாற்றிச் சொன்னது நான்தான், தெரிந்தேதான். ஆனால் கெட்டவன் என்று மட்டும் எழுதாதீர்கள். வேண்டுமானால் சஜீவனையே கூப்பிட்டுக் கேளுங்கள். என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டான்.