திரும்பாத கார்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகும் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு நண்பர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர், "என் காரு நேராத்தான் போவும் மச்சான், திரும்பாது" என்றார். நான் செல்பேசியைப் பையில் போட்டுவிட்டேன்.

"இன்னா சொல்ற?"

"அகல வீல் மாட்டினேன்ல? டயர் கடை அண்ணன் படிச்சுப் படிச்சு சொன்னாரு. வீலு பெருசானா டயரோட உசரத்தைக் கொறைக்கணும், ரெண்டும் சேர்ந்த மொத்த வட்டம் பழைய அளவுலயே இருக்கணும்னு. நான் கேட்டாத்தானே? குண்டு டயரு போடு, அப்பத்தான் கெத்துன்னேன்."

"கெத்தாத்தானே கீது!"

"நிக்கும்போது. நேத்து பிரசவம் முடிஞ்சு பொண்டாட்டியையும் கொழந்தையையும் ஆஸ்பத்திரிலேர்ந்து இட்டாந்தேன். மகாராணி மாதிரி இட்டாறேன்னு ஒரு வாரமா பேசினவன் நானு. சேக்காட்டுல எங்க தெரு முனைல ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சா, டயரு மட்கார்டுல கரகரன்னு தேய்க்குது. கொழந்தை முழிச்சுக்கினு கத்துது. முன்னாடி சுவரு, பின்னாடி தண்ணி லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான்."

"அப்பால?"

"ஆட்டோ புடிச்சு ஏத்திவுட்டேன். அது ஒரே வளைப்புல உள்ள பூட்ச்சு. நான் லாரிக்காரனுக்கு சலாம் போட்டுக்கினு காரைப் பின்னாடியே எடுத்தேன். காலைல அந்தக் கடைலயே வுட்டுட்டேன். உங்க இஷ்டப்படியே சைஸு போடுங்கண்ணான்னு சொல்லிட்டேன்."

"தங்கச்சி திட்டிச்சா?"

"திட்டியிருந்தா பரவால்லையே. ஆட்டோவுல உக்காந்துக்கினு, தையல் வலிக்குதுன்னு வயித்தைப் புடிச்சுக்கினு சிரிச்சா மச்சான்."