சீன மனுசியிடம் போன அக்கா

நோபல் பார்க் நிலையத்தில் காலை ரயில் தாமதம். இரவு வேலை முடிந்து, முதியோர் இல்லச் சீருடையோடு இரண்டு பெண்கள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

“வயித்து நோவுக்கு அந்த மசாஜ் செய்யிற சீன மனுசியிட்டப் போய், அம்மாவுக்கு அழுதிட்டு வந்தனான்,” என்றார் மூத்தவர்.

“என்னக்கா சொல்லுறியள்?”

“பொக்குளைச் சுத்தி, ரொட்டிக்கு மா குழைக்கிற மாதிரி அமத்தினவ. ஒரு இடத்தில கை பட்டதும் குளறி அழுதிட்டன்.”

“அம்மா போனது போன வருசமெல்லோ?”

“ஊரில நடந்த செத்தவீட்டை வேலையிடத்துக் குசினியில நிண்டு போனில பாத்தனான். பக்கத்து அறையில கிழவியள் நித்திரை. சத்தம் போட ஏலுமோ?”

“அந்த மனுசி பயந்திருக்கும்.”

“இல்லை. ஒரு கையால டிஷ்யூ தந்தா, மற்றக் கையை வயித்தில இருந்து எடுக்கேல்லை. ஆக்கள் அழுறது அவவுக்குப் பழக்கம் போல கிடக்கு.”

“நோ மாறிட்டுதோ?”

“இல்லை. எண்டாலும் சனிக்கிழமை திரும்பப் போறன்.”

“நோ மாறேல்லை எண்டால் பிறகேன் போறியள்?”

ரயில் வந்து நின்றது. மூத்தவர் கதிரையைப் பிடித்து மெல்ல எழும்பினார்.

“வீட்டில அழுதால் பிள்ளையள் பயப்பிடுதுகள். வேலையில நேரமில்லை. அங்க ஒரு மணித்தியாலம் கதவு பூட்டியிருக்கும்.”